ஃபெஸ் நகரத்துக் கெண்டியும் புதினாத் தேநீரும்

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய கடைவீதியில் வாங்கிய 'பர்ராத்' என்னும் தேநீர்க் கெண்டியை ஓராண்டாக மாலைதோறும் பயன்படுத்தி வருகிறேன். எவர்சில்வரில் செய்த இந்தக் கெண்டி 600 மில்லி கொள்ளும். சிறிய கண்ணாடிக் குவளைகளில் ஐந்து பேருக்குத் தாராளமாக ஊற்றலாம்.

இதன் சிறப்பெல்லாம் அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்த மூக்கில்தான் இருக்கிறது. ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றினாலும் தேநீர் சிதறாமல் ஒரே இழையாக இறங்கி, குவளையின் விளிம்பில் பொடிப்பொடியாக நுரை கட்டுகிறது. நுரை கட்டாத தேநீரை அந்நாட்டார் சரியாகப் போட்டதாகவே மதிப்பதில்லை. முன்பு நான் வைத்திருந்த பீங்கான் கெண்டியில் இப்படி ஊற்றியபோது பாதி மேசைமேல்தான் விழுந்தது. மூக்கு தொடங்கும் இடத்தில் உட்புறம் துளைகள் இருப்பதால் தனியாக வடிகட்டியும் தேவைப்படுவதில்லை.

தேயிலை சீனாவின் செஜியாங் மாகாணத்திலிருந்து வரும், மிளகைப் போல உருட்டிய 'கன்பவுடர்' பச்சைத் தேயிலையாக இருக்க வேண்டும். 1853-இல் தொடங்கிய கிரிமியப் போரால் வழக்கமான சந்தைகளை இழந்த பிரிட்டிஷ் வணிகர்கள் தங்கள் சரக்கை டாஞ்சியர், மொகடோர் துறைமுகங்களில் கொண்டுபோய் விற்ற பிறகே இது மொராக்கோவில் பரவலாயிற்று. ஒரு மேசைக்கரண்டித் தேயிலையில் ஒரு குவளை கொதிநீரை ஊற்றி, அசைக்காமல் ஒரு நிமிடம் விட்டு, அந்தத் தெளிந்த சாற்றை எடுத்து வைத்துவிட வேண்டும். அடுத்து ஊற்றும் நீரைச் சுழற்றினால் கலங்கலாகக் கசப்பும் தூசியும் இறங்கும், அதைக் கொட்டிவிடலாம். அவசரத்தில் ஒருநாள் இந்தக் கழுவலைத் தவிர்த்தேன். எவ்வளவு சர்க்கரை போட்டும் அன்றைய கசப்பு போகவில்லை. பிறகு எடுத்து வைத்த சாற்றைத் திரும்பச் சேர்த்து, நீர் நிரப்பி, சிறு தீயில் பொங்கி வரும்வரை வைத்து, ஒரு பெரிய கைப்பிடிப் புதினாவைத் தண்டோடும் 40 கிராம் சர்க்கரையையும் போட வேண்டும். இந்தச் சர்க்கரை அந்நாட்டு வழக்கத்துக்குக் குறைவுதான். ஆயினும் இதற்கும் கீழே போனால் புதினாவின் மணம் எடுபடுவதில்லை. கரண்டியால் கலக்காமல், ஒரு குவளை ஊற்றி மீண்டும் கெண்டிக்குள் விடுவதை இரண்டு மூன்று முறை செய்தாலே சர்க்கரை சீராகக் கரைந்துவிடும்.

கைப்பிடி சுடாது என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். முதல் நாளே விரல் பொத்துவிட்டது. துணி சுற்றாமல் இதைத் தொடவே முடியாது. ஆறு மாதத்தில் மூடியின் கீல் ஆணியும் தளர்ந்து, சரிக்கும்போது மூடி திறந்துகொள்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய பொருளில் இதை ஏற்க மனம் வரவில்லை. அப்படியிருந்தும் அந்த மூக்குக்காக இதை விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. பர்ராத் வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே தண்ணீர் நிரப்பி ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஊற்றி நிறுத்தியதும் மூக்கின் அடிப்பக்கமாக நீர் வழிந்தால், எவ்வளவு அழகான வேலைப்பாடாக இருந்தாலும் அந்தக் கெண்டி வேண்டாம்.