செங்கோட்டை மண்ணில் வரி ஆனைக்கற்றாழை: ஒன்பது ஆண்டு அனுபவம்

ஆரியங்காவுக் கணவாயிலிருந்து இறங்கும் காற்று நேராக வந்து மோதும் எங்கள் செங்கோட்டை வீட்டுத் தோட்டத்தில், 2016 ஆம் ஆண்டு மூன்று வரி ஆனைக்கற்றாழைக் கன்றுகளை நட்டேன். தாவரவியலில் அகேவ் அமெரிக்கானா மார்ஜினேட்டா என்பார்கள். வேலி ஓரங்களில் நாம் பார்த்துப் பழகிய நீலப்பச்சை ஆனைக்கற்றாழையின் இனமே இது. மடலின் இரு ஓரத்திலும் மஞ்சள் பட்டை ஓடும். மூன்றில் இன்று இரண்டு நிற்கின்றன. பெரியது ஐந்தடி உயரமும் எட்டடி அகலமும் கொண்டது.

வெயிலால் எந்தக் கன்றும் போகவில்லை. போன ஒன்றும் மழையால்தான் போயிற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல், அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை என்று எங்கள் ஊருக்கு இரண்டு மழைக்காலம். கன்று விற்ற நர்சரியில் தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். அதை நம்பி, தென்னை நார்க்கழிவு ஒட்டிய வேரோடு மூன்றாவது கன்றைச் சமதரையில் வைத்தேன். இரண்டாம் ஆண்டு நவம்பரில் அதன் குருத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு விரலால் பிடித்ததுமே கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்புக் கூழும் புளித்த நாற்றமும் இருந்தன.

மற்ற இரண்டையும் வேரிலிருந்த நார்க்கழிவை முழுவதும் உதறிவிட்டு, செம்மண் ஒரு பங்கும் உடைகல்லும் செங்கல் துண்டும் சேர்ந்து இரண்டு பங்குமாகக் கலந்து ஒன்றரை அடிக்கு எழுப்பிய மேட்டில் நட்டிருந்தேன். ஜூன் முதல் டிசம்பர் வரை நான் தண்ணீரே விடுவதில்லை. கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு வாளி போதும்.

மஞ்சள் பட்டையில் பச்சையம் மிகக் குறைவு என்பதால் செடிக்கு வேண்டிய உணவைப் பெரும்பாலும் நடுவிலுள்ள பச்சைப் பகுதியே தயாரிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இது சாதாரண ஆனைக்கற்றாழையைவிட மெதுவாகத்தான் வளரும். நிழலில் வளர்ந்த கன்றை ஏப்ரல் வெயிலில் திடீரென வைத்தால் முதலில் கருகுவதும் அந்தப் பட்டைதான். சாரல் மேகம் மூடியிருக்கும் ஜூனில் நட்டு, வேர்ப்பகுதியை மட்டும் நனையாமல் காப்பதே எனக்குச் சரியாக வந்தது. பக்கக்கன்றுகளில் முழுப் பச்சையாக வந்த ஒன்று மிக வேகமாகப் பெருத்தது; விட்டால் தாயின் இடத்தையே பிடித்துக்கொள்ளும் என்று தோண்டி எடுத்துவிட்டேன். முழு மஞ்சளாக வந்த இன்னொன்றைப் பிரித்துத் தொட்டியில் வைத்தேன். அது சில மாதங்களில் பட்டுப்போயிற்று. மடலை வெட்டி நட்டால் துளிர்க்காது. வரியோடு வரும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவதே வழி.

கன்று பிரிக்கும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் வேண்டும். சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளதால் தோலில் பட்ட இடம் தடித்து, இரவெல்லாம் எரியும். நுனிமுள் கண்ணுயரத்தில் நிற்கும் செடி இது. நடைபாதையிலிருந்து ஆறடியாவது தள்ளி நடுங்கள்.

காலை வெளிச்சத்தில் மடலின் முதுகைப் பார்த்தால், குருத்தில் சுருண்டிருந்தபோது பக்கத்து மடலின் முட்கள் அழுத்திய தடம், அச்சுக் குத்தியதுபோல் வரிசையாகத் தெரியும். அந்தத் தடத்துக்காகவே நான் தினமும் அங்கே போய் நிற்கிறேன். ஆனைக்கற்றாழை ஒரே ஒருமுறை பூத்துப் பட்டுப்போகும். பூக்கப் பெரும்பாலும் பத்து முதல் முப்பது ஆண்டு ஆகும். பெரியதற்கு அந்தக் காலம் நெருங்குவதால், அதன் கன்றுகள் இரண்டைத் தெற்கு மேட்டில் ஊன்றியிருக்கிறேன். இந்தச் சாரலில் இரண்டும் புது மடல் விரித்துவிட்டன.