கடற்கரை வீட்டுக்கு மூன்று காப்பீடுகள்: எது கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில், நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை கடல்தொழில் செய்கிற வீடுகளில் வங்கிப் பாஸ்புக்கை எடுத்து, மே மாதக் கடைசி வாரத்தைப் பாருங்கள். 20 ரூபாய் ஒரு வரியும் 436 ரூபாய் ஒரு வரியும் பிடித்தம் விழுந்திருக்க வேண்டும். அந்த இரண்டு வரியும் இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம், அடுத்த பேரிடர் வரும்போதுதான் தெரியும்.

20 ரூபாய் என்பது பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். இரண்டு கண்ணோ, இரு கையோ, இரு காலோ போனாலும் 2 லட்சம். ஒன்று போனால் 1 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். 436 ரூபாய் ஜீவன் ஜோதி பீமா. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இதில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும். 55 வயதோடு முடிந்துவிடும். மூன்றாவது, மத்திய மாநில அரசுகளே பிரீமியம் கட்டுகிற மீனவர் குழு விபத்துக் காப்பீடு. மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 வரை. மூன்று காப்பீடும் நடப்பில் இருந்தால் கடலில் விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 9 லட்சம் வரும். வீட்டிலிருந்து போவது ஆண்டுக்கு 456 ரூபாய். இந்த விலைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இந்தக் கரையில் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இனி குறைகள். பிடித்தம் நடப்பது மே 25 முதல் 31 வரைக்குள்; காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31. நம் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலமும் ஜூன் 1-இல்தான் தொடங்கி ஜூலை 31 வரை 61 நாள் ஓடுகிறது. அதாவது, ஆழ்கடல் படகுகள் இன்னும் கரைக்கு வராத, பங்குப் பணம் பிரிக்காத அந்த வாரத்தில்தான் வங்கி கணக்கைத் தொடுகிறது. இருப்பு 100 ரூபாயாக இருந்தால் 20 ரூபாய்க் காப்பீடு தொடரும், 436 ரூபாய்க் காப்பீடு அறுந்துபோகும். பிடித்தம் தவறிய எஸ்.எம்.எஸ். கடலில் இருக்கிறவரின் போனுக்குப் போகும். வீட்டில் யாருக்கும் தெரியாது. எனவே வீட்டில் கணக்குப் பார்க்கிற பெண்கள் மே 20-க்குள் ஆளுக்கு 456 ரூபாய் வீதம் கணக்கில் போட்டுவிட வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் என்றால் 912. கூட்டுக் கணக்காக இருந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே சேர்ந்திருக்க வேண்டும். ஒருவர் கட்டினால் இருவருக்கும் ஆகாது.

அறுந்துபோனால் நடுவில் சேரலாம். ஜீவன் ஜோதிக்கு செப்டம்பர் முதல் நவம்பர் வரை 342, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 228, அதற்குப் பிறகு மே வரை 114 ரூபாய். ஆனால் புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்தல்லாத மரணத்துக்குப் பணம் கிடையாது. இந்த 30 நாள்தான் பலருக்குத் தெரியாத பொறி. கடலில் நெஞ்சுவலி வந்து இறப்பது விபத்து அல்ல. அதற்கு விபத்துக் காப்பீடு இரண்டும் தராது, ஜீவன் ஜோதி மட்டுமே தரும். 55 தாண்டியும் வள்ளத்தில் போகிறவர்களுக்கு அந்தக் கதவும் மூடியிருக்கிறது. திட்டம் போடுகிறவர்கள் முதலில் திருத்த வேண்டிய இடம் இது.

விபத்து மரணக் கோரிக்கைக்குத் தேவை: இறப்புச் சான்றிதழ், எப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசாகப் பதிந்தவரின் ஆதார், பாஸ்புக். சுரக்‌ஷாவுக்கு விபத்து நடந்த 30 நாளுக்குள், பிடித்தம் நடந்த அதே கிளையில் கொடுக்க வேண்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் பெரும்பாலும் கொச்சியை மையமாக வைத்துத் தொழில் செய்பவை. அங்கே பதிவான எப்.ஐ.ஆர். நகலை உடலோடு கையோடு வாங்கி வராவிட்டால் பிறகு அலைச்சல் தாங்க முடியாது. வாரிசு பெயர் திருமணத்துக்கு முன் எழுதியபடியே தாய் பேரில் கிடப்பதும் அடிக்கடி சண்டையில் முடியும்; திருமணம் முடிந்ததும் மாற்றுங்கள்.

உடலே கிடைக்காதபோதுதான் எல்லாம் நின்றுவிடுகிறது. சட்டப்படி காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள 7 ஆண்டு ஆக வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது, காணாமல் போனவர்களின் குடும்பங்களை அத்தனை காலம் காக்க வைக்காமல் அரசு 20 லட்சம் நிவாரணம் தந்தது. அது அந்தப் புயலுக்கென்று எடுத்த தனி முடிவு. ஒரே ஒரு வள்ளம் கவிழ்ந்து இருவர் காணாமல் போனால் அப்படி முடிவெடுக்க யாரும் இல்லை. முதல் ஆறு மாதத்தில் பணம் வரவில்லை என்றால் நகை அடகுக்குப் போகும், மூத்த பையன் பள்ளியை விட்டு வள்ளத்தில் ஏறுவான். அதற்குப் பிறகு வருகிற லட்சங்களால் அதைத் திருப்ப முடியாது. காணாமல் போனவருக்கும் ஒரு வருடத்துக்குள் தொகை கிடைக்கும்படி நிரந்தர விதி வேண்டும்.

இன்னொன்று: இந்த மூன்றும் ஆளுக்கு மட்டும்தான். வள்ளம், எஞ்சின், வலை எதற்கும் ஒரு ரூபாய் கிடையாது. சுனாமிக்குப் பிறகு ஆளாளுக்கு வள்ளம் கொடுத்து, முன்பிருந்ததைவிட வள்ளம் அதிகமாகி, ஒரு வள்ளத்துக்குக் கிடைக்கிற மீன் குறைந்தது. தொழிற்கருவிக்குக் காப்பீடு இருந்திருந்தால் இழந்தவர் இழந்ததை மட்டும் மீட்டிருப்பார். பிரதமர் மீன்வளத் திட்டத்தில் படகுக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு மானியம் இருக்கிறது. படகுப் பதிவுச் சான்றும் உரிமமும் நடப்பில் இருந்தால் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

மூன்றுக்கும் எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. குழு விபத்துக் காப்பீட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டியலைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். அன்பியக் கூட்டத்தில் (பங்குக் குடும்பங்கள் கூடுகிற கூட்டம்) மே முதல் ஞாயிறன்று ஒரு அறிவிப்பு வைத்தால், ஒரு ஊரே மே கடைசி வாரத்தில் தப்பித்துவிடும்.