இமிச்: குடும்பப் படங்களுக்கு வீட்டிலேயே ஒரு சேர்வர்

கூகுள் போட்டோஸை விட்டு வெளியே வர நினைக்கிறவர்களுக்கு இப்போதைக்கு நான் சொல்வது, வீட்டுக் கம்பியூட்டரிலேயே போட்டு ஓடவிடுகிற இமிச் (Immich) என்ற மென்பொருள்தான். போனில் எடுத்த படம் தானாக ஏறவேண்டும், அம்மாவுக்கும் பாவிக்க விளங்கவேண்டும், படம் எங்கள் வீட்டு டிஸ்கிலேயே இருக்கவேண்டும். மூன்றும் சரியாக நடக்கிறது. அதேமாதிரி வீட்டுச் சேர்வரில் ஓடுகிற நெக்ஸ்ட்கிளவுட்டும் போட்டுப் பார்த்தேன். பைல், நாட்காட்டி, போன் நம்பர்களுக்கு அது நல்லது. படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க இமிச்சின் வேகம் அதற்கு வராது.

“உமக்கு வேறை வேலை இல்லையே?” என்று ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் கேட்டார். மகளின் சாமத்திய வீட்டுப் படங்களை ஸ்டூடியோக்காரர் எங்களிடம் ஒரு சொல் கேட்காமல் முகநூலில் விளம்பரமாகப் போட்டதில் தொடங்கிய யோசனை இது. (அதற்கு இமிச்சால் ஒன்றும் செய்ய ஏலாது; சண்டை பிடித்துத்தான் எடுப்பித்தோம்.) பிறகு சான் பிரான்சிஸ்கோத் தகப்பன் ஒருவரின் கதை. 2021இல் டொக்டருக்குக் காட்ட மகனைப் படமெடுத்தார். கூகுளின் இயந்திரம் அதைச் சிறுவர் துஷ்பிரயோகப் படமாகக் கணித்துக் கணக்கைப் பூட்டியது. பொலிஸ் அவரில் பிழையில்லை என்று சொல்லியும் கணக்கு திரும்பவில்லை. 2022இல் நியூயோர்க் டைம்ஸில் வந்த செய்தி. பிள்ளையின் படம் யாரிடம் இருக்கிறது என்பதோடு, யார் அதைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள் என்பதும் யோசிக்க வேண்டியதுதான்.

போடுவது கஷ்டமில்லை. பழைய லப்டொப், 8 ஜீபி ரம், அதில் லினக்ஸ், பிறகு இப்படியான மென்பொருட்களைப் பொட்டலமாக ஓடவிடுகிற டொக்கர். இமிச் தளத்தில் தரும் இரண்டு பைல்களை இறக்கி, படம் சேரும் இடத்தையும் கடவுச்சொல்லையும் மாற்றி ஓடவிட்டால், பிரவுசரில் லப்டொப்பின் முகவரியோடு 2283 என்ற போர்ட் எண்ணை அடித்தால் வந்து நிற்கும். கூகுளிலிருந்து பழையதை எடுப்பதில்தான் சிக்கல். எங்கள் படங்களை மொத்தமாக இறக்கக் கூகுள் தரும் டேக்அவுட், எடுத்த திகதி போன்ற விவரங்களைத் தனி ஜேசன் பைல்களாக (வெறும் எழுத்துப் பைல்கள்) தருவதால், அப்படியே ஏற்றினால் பல படங்களின் திகதி குழம்பும். இமிச்-கோ என்ற சின்னக் கருவி அவற்றை வாசித்துப் பொருத்திவிடுகிறது.

முகம் பிரிப்பது முழுக்க வீட்டு லப்டொப்பிலேயே நடக்கிறது. அம்மாவையும் சின்னம்மாவையும் ஒரே ஆளாக்கிவிட்டது; சொந்தக்காரரே மாறிக் கூப்பிடுகிற முகங்கள், அதைக் குறை சொல்ல மனமில்லை. கண்ணாடி போட்ட மாமாவும் போடாத மாமாவும் இரண்டு பேர். மாமாக்கள் இரண்டு பேரையும் ஒருவராகச் சேர்த்துவிடலாம். தேடல் முதலில் ஆங்கிலம் மட்டுந்தான் விளங்கும். செட்டிங்கில் பல மொழி தெரிந்த மொடலுக்கு மாற்றி, எல்லாப் படங்களையும் திரும்ப ஓடவிட வேண்டும். அன்றிரவு முழுக்க விசிறி இரைந்தது. இப்போது “தேர்” என்று அடித்தால் நல்லூர்த் தேர் வருகிறது. “சப்பறம்” என்றால் கண்டபடி எதையாவது காட்டும்.

லப்டொப்பில் ஒரு வசதி, கரண்ட் போனால் பற்றரி தாங்கும். ஆனால் ரவுட்டருக்குத் தனியாக ஒரு மினி யூபிஎஸ் வாங்க வேண்டும். 15 வாற் இழுக்கிற லப்டொப் மாதம் முழுக்க ஓடினால் 11 யூனிற் அளவில்தான் முடியும். கரண்ட் பில்லை விட எனக்குப் பயம் கோண்டாவில் செம்மண் தூசியும் மத்தியான வெக்கையும். மூடியைத் திறந்து துடைக்காவிட்டால் விசிறி கத்தத் தொடங்கும்.

வெளியூரில் இருந்து பார்க்க, எங்கள் போன்களையும் லப்டொப்பையும் தனி வலையமைப்பாக இணைக்கிற டெயில்ஸ்கேல் போட்டிருக்கிறேன். வீட்டு இணைப்புக்குச் சொந்த ஐபி கிடைக்காவிட்டாலும் அது வேலை செய்யும், ரவுட்டரில் கதவு திறந்துவைக்கத் தேவையில்லை. மச்சாளின் போனில் அதை ஏற்றிக் கொடுத்தது வட்ஸ்அப் வீடியோவில், அரை மணித்தியாலத்துக்கு மேல். கிளவுட்பிளேர் என்ற கொம்பனியின் சேர்வர் வழியாக வீட்டுக்கு வருகிற டனலும் ஒரு வழிதான். இலவசத்தில் 100 எம்பிக்கு மேல் ஒரு பைல் ஏறாது, கலியாண வீடியோ ஒன்றும் போகாது. தவிர, படம் அவர்களுடைய சேர்வரில் பூட்டுத் திறபட்டுத்தான் வருகிறது. பிறகென்ன தனியுரிமை?

ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இமிச் படங்களைப் பூட்டி வைப்பதில்லை. டிஸ்கில் சாதாரண பைல்களாகவே கிடக்கும். லப்டொப்பைக் கள்ளன் தூக்கினால் எல்லாம் அவன் கையில். அதனால் டிஸ்க் முழுவதையும் கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க ஏலாதபடி லினக்ஸிலேயே என்கிரிப்ட் பண்ணினேன். பற்றரியும் இறங்கிவிட்டால் யாராவது வந்து கடவுச்சொல் அடிக்கும்வரை லப்டொப் எழும்பாது. இமிச் இரவில் தானாக எடுக்கும் பக்கப் அல்பம், பெயர் போன்ற விவரங்கள் இருக்கும் தரவுத்தளத்துக்கு மட்டும், படங்களுக்கு இல்லை. படங்களை வேறொரு டிஸ்கில் எடுத்துத் தங்கச்சி வீட்டில் வைத்திருக்கிறேன். இமிச் தளத்திலேயே படங்களுக்கு வேறு பக்கப்பும் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்க்க வீட்டில் ஒருவரும் இல்லையென்றால் இமிச் வேண்டாம். காசு கட்டி என்டே (Ente) என்ற படச் சேவையை எடுங்கள். போனிலிருந்து போகும்போதே படம் பூட்டுப்பட்டுப் போகும், அந்தக் கொம்பனிக்காரராலும் திறக்க ஏலாது. எனக்கு இந்தத் துடைக்கிற வேலை பிடித்திருக்கிறது, அதனால் இமிச்சிலேயே இருக்கிறேன்.