ஆட்டோமேட்டிக் கார் உதறுதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் சென்சாரைப் பாருங்க

அவிநாசி சாலையில் அலுங்காமல் கியர் மாற்றும் கார், ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் உதற ஆரம்பிக்கும். டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வண்டிகளை வருடக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய தொல்லை. “கியர்பாக்ஸ் போச்சுங்க” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம்.

கியர் மாற்றும் கம்ப்யூட்டர் சென்சார் சொல்வதை மட்டுமே நம்பும். கியர்பாக்ஸுக்கு உள்ளே வரும் சுழற்சி வேகத்தையும் வெளியே போகும் வேகத்தையும் ஒப்பிட்டு, எந்த கியர் விழுந்திருக்கிறது, கிளட்ச் வழுக்குகிறதா என்று முடிவுசெய்யும். வெளிவேக சென்சாரின் சிக்னல் நொடி நேரம் அறுந்தால் போதும். தப்பான கியர் விழும், அல்லது லிம்ப் மோடு என்ற தற்காப்பு நிலைக்குப் போய் ஒரே கியரில் நின்றுவிடும். பல வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் முள்ளும் அதே நேரத்தில் விழும். ஸ்கேனரில் பி0715 என்ற பிழைக் குறியீடு வந்தால் உள்வேக சென்சார், பி0720 வந்தால் வெளிவேக சென்சார். ஆனால் குறியீடு காட்டுவது சர்க்யூட்டைத்தான். அதை வைத்தே சென்சார் வாங்கிவிடக் கூடாது.

முதலில் ஒயரிங். தோட்டத்துச் சாளையில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. பிறகு கப்ளரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, ஆயில் கசிந்து உள்ளே வந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஒயரை மெல்ல அசைத்து, ஸ்கேனரில் உள்வேக அளவு குதிக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு ஒயர் சென்சாருக்கு ஓம் அளவு பார்த்து அந்த வண்டியின் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். மூன்று ஒயர் ஹால் சென்சாரில் ஓம் பார்த்துப் பயனில்லை. சப்ளை வோல்ட், எர்த், சிக்னல் மூன்றும் வருகிறதா என்றே பார்க்க வேண்டும். காந்த முனையில் இரும்புத்தூள் அப்பியிருந்தால் துடைத்து மாட்டினாலே சில வண்டிகள் சரியாகும். ஆனால் தூள் நிறைய இருந்தால் அது உள்தேய்மானம்.

ஆயில் வெப்ப சென்சார் கெடுவது சத்தமில்லாமல் நடக்கும். ஆயில் குளிர்ந்திருப்பதாக அது காட்டினால் கன்வெர்ட்டர் லாக்கப் ஆகாது, அதாவது வழுக்காமல் எஞ்சினோடு நேராகப் பூட்டிக்கொள்ளாது. ஆர்பிஎம் ஏறும், மைலேஜ் குறையும், ஆயில் நிஜமாகவே கொதிக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் ஸ்கேன் செய்தால் ஆயில், கூலன்ட், காற்று மூன்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஆயில் மட்டும் மைனஸ் 40 டிகிரி என்றால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும்.

லேசாக மிதித்துப் போகும்போது கியர் ஏறி இறங்கித் தடுமாறினால் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் சென்சாரைச் சந்தேகிக்கலாம். பொதுவாக மூடியிருக்கும்போது 0.5 வோல்ட் அளவில் தொடங்கி, முழுதாகத் திறக்கையில் 4.5 வரை வழுவழுவென ஏற வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் விழுந்தால் அங்கே தேய்ந்துவிட்டது.

அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் ஆயில் கருத்துக் கருகல் வாடை அடித்தால் மட்டும் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதியுங்கள். புது சென்சார் போட்டபின் பிழைக் குறியீட்டை அழித்து, அந்த மாடலுக்குத் தேவையென்றால் அடாப்டேஷனையும் (கியர் மாற்றக் கம்ப்யூட்டர் பழகிவைத்திருக்கும் அளவுகள்) ரீசெட் செய்யச் சொல்லுங்கள். லிம்ப் மோடில் மட்டும் மலையேற வேண்டாம். பெரிய கியரில் முக்கி ஏறினால் ஆயில் கொதித்து, நன்றாக இருக்கும் கிளட்ச் பிளேட்டும் கருகிவிடும்.