ஆடி வீதியில் 16 வருஷம்: மீனாட்சி கோயில் மேளம் கேட்ட அனுபவம்

வடக்கு மாசி வீதிக்கு நாங்கள் குடிவந்தது 2009-ல், மீனாட்சி கோயில் கும்பாபிஷேகம் முடிந்த சில மாதங்களில். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நான்கு நாளாவது கோயிலுக்குப் போய்விடுவேன். சாமி கும்பிடத்தான் போகிறேன், ஆனாலும் உள்ளே நுழைந்ததும் கால் போவது மேளச் சத்தம் வரும் பக்கம்தான். எப்போது வந்தால் கேட்கலாம், எங்கே நிற்கலாம் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்காக இது.

முதலில் ஆடி வீதி. மதுரையில் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் வீதிகளில் மதிலுக்கு உள்ளேயே இருப்பது இது ஒன்றுதான். நான்கு பக்கமும் கோபுரங்கள், மேலே திறந்த வானம், கீழே கல்தளம். ஆடி மாதம் முளைக்கொட்டு உற்சவத்தில் அம்மன் இங்கேதான் வலம் வருவாள். அப்போது மேற்கு ஆடி வீதியில், தென்மேற்கு மூலையிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள். ஊர்வலம் தெற்கு வீதியில் வரும்போது தவிலின் தொப்பிப் பக்கத்து (குச்சியால் அடிக்கும் இடது பக்கம்) அடி மட்டும் மந்தமாக வரும். மூலை திரும்பியதும் நாயனம், அதாவது நாதஸ்வரம், முழுசாக நெஞ்சில் வந்து விழும். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியைக் கம்பீர நாட்டை ராகத்தில் அப்படிக் கேட்டால், சபாவில் மைக் வைத்துக் கேட்பது வேறு ஏதோ ஒன்றாகத் தோன்றும். நாதஸ்வரம் வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியம்.

மண்டபத்துக்குள் அப்படி இல்லை. கல் தூண்களில் மோதி எதிரொலிப்பதால் தவிலின் வேகமான சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அங்கே தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை வரைக்கும் சுகம். தவில் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்றால் நான் பொற்றாமரைக் குளத்துப் படிக்கு நகர்ந்துவிடுவேன். தூரம் கொஞ்சம் கூடினாலும் அடி தெளிவாக விழும்.

பழகிய தவில்காரர் ஒருவர் ஒருமுறை வலது கை விரல்களில் மாட்டும் கூடுகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்தது, கல் மாதிரி இருந்தது. இடது கைக்குக் குச்சி. பக்கத்திலிருந்த நாயனக்காரர், வாத்தியத்தில் தொங்கிய சீவாளிகளில் (முனையில் மாட்டி ஊதும் சிறு துண்டு) ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, வேண்டாம் என்று வேறொன்றை எடுத்தார். காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை என்ற நாணல் தட்டையில் செய்வது அது. அந்தச் சின்னத் துண்டை அவர் தேர்ந்தெடுத்த கவனத்தைப் பார்த்த பிறகு நான் கேட்கும் விதமே மாறிப்போனது. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜிக்காக வாசித்த சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் மதுரைக்காரர்கள் என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

நான் முன்பு குடியிருந்த தெருவில் ஒரு சின்னக் கோயில். அங்கே மோட்டாரில் ஓடும் மணி மேள மெஷின் வைத்திருந்தார்கள். சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் ஒரே தாளத்தில் இடிக்கும். குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும். தீபாராதனை நீண்டாலும் சுருங்கினாலும் அதற்குத் தெரியாது. ஆள் வைக்கப் பணமில்லை என்பது புரிகிறது. அதற்குப் பதிலாக ஒரே ஒருவர் கையால் மணி அடித்தால் போதும் என்பேன்.

வடக்கு ஆடி வீதியில் மொட்டைக் கோபுரத்தை ஒட்டி இசைத்தூண்கள் ஐந்து உண்டு. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் 22 சிறு தூண்களாகச் செதுக்கியது. கண்ணால் பார்க்கலாம், தட்டிப் பார்க்கும் ஆசையோடு வராதீர்கள். நவராத்திரியில் மாலைக் கச்சேரிகளும், விஜயதசமியன்று 108 வீணையும் உண்டு. உட்கார இடம் வேண்டுமென்றால் சீக்கிரம் வரவேண்டும்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், சனி ஞாயிறு அதைவிடக் கூட்டம். நின்று கேட்க முடியாது. சித்திரை வெயிலில் கல் காலைப் பொசுக்கும். 2018-லிருந்து செல்போனுக்கு அனுமதி கிடையாது. வெளியே கொடுத்துவிட்டு வரவேண்டும். எனக்கு அது பெரிய உதவியாகவே இருக்கிறது, வாசிப்புக்கு நடுவே ஒரு ரிங்டோன்கூடக் கேட்பதில்லை.

ஒரே ஒரு தடவைதான் வரமுடியும் என்பவர்களுக்கு என் பதில் பள்ளியறைப் பூஜை. இரவு ஒன்பது மணிக்கு மேல், சொக்கநாதரின் பாதம் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் போகும். கூட்டம் வடிந்திருக்கும். சாம்பிராணிப் புகைக்கு நடுவே நாயனம் தாலாட்டு போல இழையும். தாலாட்டுக்கே உரிய நீலாம்பரி ராகம் வாசித்த இரவுகளும் உண்டு. என் மனைவி அதைக் கேட்கும்போதெல்லாம் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். கதவு சாத்தியதும் நாயனக்காரர் சீவாளியைக் கழற்றித் துணியில் சுற்றி வைப்பார். "கிளம்புங்கம்மா, நடை சாத்தணும்" என்று காவலர் சொல்லும்வரை அவள் எழுந்திருக்க மாட்டாள்.