மண் தொட்டியா, க்ரோ பேக்கா, பெயிண்ட் வாளியா? சேலத்து வெயிலுக்கு ஒண்ணு, ஏற்காட்டுக்கு ஒண்ணு (கூடவே லீவுல படிக்க புத்தகமும்)

ஏப்ரல் பொறந்துட்டா எங்க சொந்தக்காரங்க வட்டத்துல ரெண்டு கேள்வி தவறாம வரும், மாடியில செடி வைக்கணும் எதுல வைக்கிறது, லீவுல ஏதாச்சும் படிக்கணும் எதைப் படிக்கிறது. தனித்தனியாத்தான் கேப்பாங்க. ஆனா ரெண்டுக்குமே நான் முதல்ல திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், நீங்க இருக்கிறது மலைக்குக் கீழயா மேலயா? சேலம் கடல்மட்டத்துல இருந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு 1,500 மீட்டர் பக்கம், 1,000 மீட்டர் ஏறினா சுமார் 6 டிகிரி குறையும்னு கணக்கு வச்சா இங்க 39 அடிக்கிற அன்னிக்கு மேல 31, 32தான் இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுதான் நடுவுல. அதுக்குள்ள இங்க ஜெயிச்ச தொட்டி அங்க தோத்துடுது. "பெஸ்ட் தொட்டி இதுதான்"னு அடிச்சுச் சொல்ற வீடியோக்கள் எந்த ஊருக்குச் சொல்றோம்னு சொல்றதே இல்ல, அதான் எனக்கு ஆதங்கம்.

நானும் தோட்டத்துக்குப் புதுசுதான், போன கோடையில ஆரம்பிச்சதுதான். சேலம் அழகாபுரத்துல எங்க மொட்டை மாடியிலயும், மலைக்கு மேல ஏற்காட்டுப் பக்கம் நாகலூர்ல பெரியம்மா வீட்டு வாசல்லயும் அதே விதை, அதே கலவை, அதே மூணு வகைத் தொட்டின்னு வச்சுப் பாத்தேன், அதை வச்சுத்தான் எழுதுறேன்.

முதல்ல கீழ, நம்ம சேலம்.

மண் தொட்டி எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். மண் சுவாசிக்கும், வேர் குளிர்ச்சியா இருக்கும்னு சொல்றது உண்மைதான், மண்பானைத் தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்கோ அதே காரணம், சுவர் வழியா ஈரம் கசிஞ்சு ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. ஆனா அந்த ஈரம் எங்க இருந்து போகுதுன்னு யோசிக்கணும்ல, செடி குடிக்க வேண்டிய தண்ணிதானே போகுது. கத்திரி வெயில் நேரத்துல 10 இஞ்ச் மண் தொட்டிக்குக் காலைல 6.30க்கு தண்ணி ஊத்தினா மதியம் 2 மணிக்கு விரல் விட்டுப் பாருங்க, ரெண்டு கணு ஆழத்துக்கு புழுதிதான். இதுல இன்னொரு விஷயம், போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியாவுல தொட்டியோட வெளிச் சுவர்ல வெள்ளை வெள்ளையா திட்டுத் திட்டா படியும், நகத்தால சுரண்டினா மாவு மாதிரி உதிரும், அது தண்ணியில இருந்த உப்பு சுவர் வழியா வெளிய வந்து காய்ஞ்சு நிக்கிறது. பாக்க அசிங்கமா இருக்குன்னு தொட்டியத் தூக்கிப் போட்டுடாதீங்க, வெளிய வந்த உப்பு வேருகிட்ட தங்கலைல்ல, அது நல்லதுதான், பிரஷ் வச்சுத் தேச்சா போயிடும். சேலத்துல மண் தொட்டிக்கு ஒரே இடம் மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரம், மதியத்துக்கு மேல நிழல் விழுற பக்கம். அங்க ஓமவல்லி, கற்றாழை, புதினா வைக்கலாம், புதினாவுக்கு மட்டும் சாயங்காலம் இன்னொரு தடவை தண்ணி காட்டணும்.

க்ரோ பேக், அதாவது செடி வளக்கிற பை பத்திச் சொல்லணும்னா முதல்ல எந்த க்ரோ பேக்குன்னு பிரிக்கணும். நர்சரியில நாத்தோட குடுக்கிற கறுப்பு கவர் வேற. வெளிய வெள்ளை, உள்ள கறுப்பா வர்ற பாலித்தீன் பை வேற. பச்சை கலர்ல நெய்த மாதிரி கனமா வர்ற ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பை வேற. கறுப்பு கவரை அப்படியே தளத்துல வச்சா மே மாசம் மத்தியானம் தொடவே முடியாது, ஓரத்து வேர் வெந்துடும், அது நாத்து வாங்கிட்டு வர்றதுக்கு மட்டும்தான். வெள்ளைப் பை பரவாயில்ல, வெயில திருப்பி அடிக்குது, ஆனா மெலிசான பை வாங்கினா ஒரு வெயில் காலம் தாண்டுறதுக்குள்ள மடிப்பு இருக்கிற இடத்துல நொறுங்க ஆரம்பிச்சுடும், மண்ணோட தூக்கும்போதுதான் தெரியும். பச்சைப் பை விலை ஜாஸ்தி, ஆனா வருஷக்கணக்குல வரும். பையோட பெரிய பலம் எடை கம்மி, மடிச்சு வைக்கலாம், வாடகை வீட்ல இருக்கிறவங்க காலி பண்ணும்போது எடுத்துட்டுப் போகலாம். தோட்டக்கலைத் துறை மானியத்துல குடுக்கிற மாடித்தோட்டக் கிட்லயும் பைதான் வரும், கூட தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் இருக்கும், ஸ்டாக் வந்திருக்கான்னு தோட்டக்கலை ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு பை நல்லாவே போதும்.

அடுத்தது பெயிண்ட் வாளி, 20 லிட்டர் வெள்ளை வாளி. சேலத்து மாடியில ஆரம்பிக்கிறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான், அழகு இல்லன்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். பெயிண்டர் அண்ணன்கிட்ட சொல்லி வச்சா கிடைக்கும், இல்லன்னா பழைய பிளாஸ்டிக் கடையில கேளுங்க. எமல்ஷன் பெயிண்ட் வாளியா பாத்து வாங்கணும், காய்ஞ்ச பெயிண்ட் பிளாஸ்டிக் தாள் மாதிரி உரிஞ்சு வந்துடும், தின்னர் வாசம் அடிக்கிற எனாமல் டப்பா வேண்டவே வேண்டாம். இப்ப ஓட்டை எங்க போடுறதுன்றதுதான் முக்கியமான விஷயம். எல்லாரும் அடியில போடுவாங்க. கோடைக்கு அடியில போடாம, பக்கவாட்டுல, அடியில இருந்து 2 இஞ்ச் மேல, சுத்தி நாலு இடத்துல கம்பிய காய்ச்சிப் போடுங்க, அடியில அந்த 2 இஞ்ச் உயரத்துக்கு தண்ணி தங்கி நிக்கும், மதியம் மேல் மண் காய்ஞ்சாலும் கீழ இருந்து ஈரம் ஏறிக்கிட்டே இருக்கும். மேல காய்ஞ்ச இலை, தேங்காய் மட்டை நார்னு ஒரு கை உயரத்துக்கு மூடாக்கு போட்டுட்டா ஒரு நாளைக்கு ஒரு தடவை தண்ணி போதும், மண் தொட்டிக்கு ரெண்டு தடவை ஊத்துற இடத்துல. மழைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி மட்டும் மறக்காம அடியிலயும் ஓட்டை போட்டுடணும், இல்லன்னா அதே 2 இஞ்ச் தண்ணி வேரை அழுக வச்சிடும்.

எடையப் பத்தி யாரும் சொல்றதில்ல, நான் சொல்லிடுறேன். 20 லிட்டர் வாளி முழுக்க செம்மண்ணு போட்டு தண்ணியும் ஊத்தினா 30 கிலோவுக்கு மேல வரும், பத்து வாளின்னா 300 கிலோ, அதை நடுத் தளத்துல ஒரே இடத்துல குமிச்சு வைக்கக் கூடாது, சுவர் ஓரமா, கீழ பீம் ஓடுற இடமா பாத்து வரிசையா வைங்க, அடியில செங்கல் குடுங்க. செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கின எரு மூணும் சம பங்கு கலந்தா எடையும் குறையும், ஈரமும் நிக்கும். நார்க்கழிவுக் கட்டி 5 கிலோ ஒண்ணு ஊற வச்சா 70 லிட்டர் பக்கம் பொங்கி வரும், ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசிட்டுப் போடுங்க, அதுலயும் உப்பு இருக்கு.

அப்புறம் தண்ணி. மாடி டேங்க்ல இருந்து மதியம் வர்ற தண்ணி கையே வைக்க முடியாத சூடா வரும், செடி வாடுதேன்னு பாவப்பட்டு 3 மணிக்கு அதைத் தூக்கி ஊத்தாதீங்க. காலைலயே ஒரு குடம் பிடிச்சு நிழல்ல வச்சிடுங்க.

என்ன விதைக்கிறதுன்னா, வெயிலுக்கு வெண்டையும் கொத்தவரையும் அசராது, சிறுகீரை 25 நாள்ல கைக்கு வந்துடும், தண்டுக்கீரைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். தக்காளி பூக்கும், 35 டிகிரிக்கு மேல போனா பூ கொட்டும், அது உங்க தப்பு இல்ல, வெயிலோட வேலை. கொத்தமல்லிய ஆடிக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

இப்ப மலைக்கு மேல வாங்க.

இங்க ஜெயிச்ச அதே வாளிய, அதே பக்கவாட்டு ஓட்டையோட நாகலூர்ல வச்சதும் பெரியம்மா பாத்த முதல் நிமிஷமே சொல்லிட்டாங்க, "கண்ணு, இதுல தண்ணி நிக்குமே, இங்க அது குடிக்காது சாமி, வேரு குளுந்து போயிடும்." அதேதான் நடந்துச்சு, சேலத்துல தளதளன்னு நின்ன மிளகாய் அங்க அடி இலை மஞ்சளாகி அப்படியே நின்னு போச்சு, வாளிய சாச்சுப் பாத்தா அடி மண்ணுல புளிச்ச வாசம். ஏற்காட்டுல மே மாசம் சாயங்காலம் ஒரு மழை, விடிகாலைல பனிமூட்டம், காத்துலயே ஈரம், ஆவியாகுறது ரொம்ப கம்மி. அங்க மண் தொட்டி ராஜா மாதிரி இருக்கு. கீழ எந்தக் குணம் நமக்கு எதிரியா இருந்துச்சோ, அந்த ஈரத்தை வெளிய விடுற குணம்தான் மேல வேரைக் காப்பாத்துது. பெரியம்மா வீட்டு வாசல்ல ரோஜா, ஜெரேனியம், பீட்ரூட் எல்லாமே மண் தொட்டியிலதான், தொட்டி வெளிச்சுவர்ல உப்புக்குப் பதிலா பச்சைப் பாசி, தண்ணி ஊத்துறது ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் தொட்டிய விரலால தட்டி சத்தம் கேட்டுட்டு, 'டங்'குன்னு கேட்டா ஊத்துவாங்க, 'தொப்'புன்னு கேட்டா விட்டுடுவாங்க. இந்தத் தட்டுற வித்தை மண் தொட்டியில மட்டும்தான் நடக்கும், பையிலயும் வாளியிலயும் நடக்காது. க்ரோ பேக் மேல பரவாயில்ல ரகம், ஆனா அடி ஓட்டை நிறைய இருக்கணும், நார்க்கழிவு பாதியாக் குறைக்கணும். தக்காளி அங்க நல்லாவே காய்க்கும், ஆனா குரங்கு நமக்கு விடுமான்றது வேற விஷயம், அதுக்கு வலை போட்டே ஆகணும்.

சரி, புத்தகம். கோடையில தோட்டம் நம்மகிட்ட கேக்குறது காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், நடுவுல இருக்கிற நீளமான பகல் நம்மளுது. அதை எப்படி நிரப்புறதுன்றதுலயும் கீழ ஒண்ணு, மேல ஒண்ணு.

சேலத்துல மதியம் 12ல இருந்து 4 வரைக்கும் ஃபேன் காத்தே அனலா இருக்கும்போது மூணு பாகம் நாலு பாகம் சரித்திர நாவல் எடுத்தா ஆள் பேரே மனசுல நிக்காது, கண்ணு சொக்கும். சிறுகதைத் தொகுப்புதான் சரி. பத்துப் பன்னெண்டு பக்கத்துல ஒரு கதை முடிஞ்சுடும், தூங்கி எழுந்தா அடுத்த கதை புதுசா ஆரம்பிக்கலாம். அதுக்கு மாவட்ட மைய நூலகமோ பக்கத்துக் கிளை நூலகமோ போதும், காசு குடுத்து வாங்கணும்னு இல்ல. 1948லயே பொது நூலகச் சட்டம் போட்ட மாகாணம் நம்மளது, சுதந்திர இந்தியாவுல அதுதான் முதல் நூலகச் சட்டம், வீட்டு வரியோட சேத்து நூலக வரியும் கட்டிட்டுத்தான் இருக்கோம், கட்டுற வரிக்காவது போய் எடுங்க. போன்ல படிக்கிறதும் உண்டு, நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களோட புத்தகங்கள் நிறைய இலவசமாவே கிடைக்குது, 1998ல இணையத்துல தொடங்கின மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகம் ரெண்டும் பெரிய புதையல். ஆனா ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்ஐ 6 இஞ்ச் திரையில இழுத்து இழுத்துப் படிக்கிறது கண்ணுக்குக் கொடுமை, எழுத்த பெருசாக்குற வசதி இருக்கிற இபப்-ங்கிற மின்நூல் வடிவம் கிடைச்சா மட்டும் போன், இல்லன்னா காகிதம்தான். மாடியில செடிகிட்ட உக்காந்து போன்ல படிக்கலாம்னு நெனைக்காதீங்க, வெயில்ல போன் சூடாகி வெளிச்சத்தைத் தானே குறைச்சுக்கும்.

மேல போனா கதையே வேற. மதியம் 2 மணிக்கே மூட்டம் இறங்கி எதிர் வீட்டு சில்வர் ஓக் மரம் மறைஞ்சு போயிடும், வெளிய போக முடியாது, சிக்னலும் வந்து வந்து போகும், அந்த நேரத்துக்கு குண்டு புத்தகம் மாதிரி துணை கிடையாது. அதுலயும் நான் முதல் இடம் குடுக்கிறது பெரியம்மாவோட பைண்டிங் புத்தகங்களுக்கு. வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதைய வாரா வாரம் கிழிச்சுச் சேத்து, காலிகோ துணி ஒட்டி பைண்ட் பண்ணி வச்சிருக்காங்க. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஓவியம், கதை முடியிற பக்கத்துல ஒரு துணுக்கு, பின்னாடி பக்கம் அந்தக் காலத்து தலைவலி மாத்திரை விளம்பரம், "தொடரும்"னு போட்ட இடத்துல நம்மளும் ஒரு நிமிஷம் நிக்கிறோம். அதே கதையோட புது பதிப்புல இது ஒண்ணுமே இருக்காது.

புத்தகம் கெட்டுப் போற விதமும் ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி. சேலத்து வெயில் கோந்து ஒட்டின பைண்டிங்கத்தான் பதம் பாக்கும், ஜன்னலோரம் விட்டா முதுகு வெடிச்சு பக்கம் பக்கமா உதிரும், அதனால இங்க நூல் தையல் போட்டதா பாத்து வாங்குங்க. ஏற்காட்டுல பூஞ்சைதான் வில்லன், அதுக்குத் தையலும் தெரியாது கோந்தும் தெரியாது, பெரியம்மா அலமாரியில வசம்புத் துண்டும் காய்ஞ்ச வேப்பிலையும் போட்டு வச்சிருக்காங்க, வெயில் அடிக்கிற காலைல கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வச்சு காத்தாட விடுவாங்க.

தோட்டக்கலைப் புத்தகம் வாங்கலாமான்னும் கேக்குறாங்க. பூச்சி படம் கலர்ல இருந்தா வாங்குங்க, மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் வித்தியாசம் எழுத்துல படிச்சாப் புரியாது. மத்தபடி வீடியோ பாத்துக்கலாம்.

மே மாசம் கோடை விழாவுக்கு மேல போய் மூணு நாள் தங்குறவங்களுக்காக ஒண்ணு சொல்லிட்டு நிறுத்திக்கிறேன். அண்ணா பூங்காவுல மலர்க் கண்காட்சிய சுத்திட்டு வர்றதுக்குள்ள கீழ மாடியில செடி என்னாகும்னு கவலை வரும். வாளிச் செடிய எல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடி மேற்குச் சுவர் நிழலுக்கு நகத்தி, பக்கவாட்டு ஓட்டையில தண்ணி வழியிற வரைக்கும் ஊத்தி, மூடாக்க ரெண்டு மடங்காக்கிட்டா மூணு நாள் தாங்கும், நான் செஞ்சு பாத்தது. க்ரோ பேக்குக்கு ஒரு தண்ணிக் குடம் பக்கத்துல வச்சு பழைய வேட்டித் துணிய கிழிச்சு ஒரு முனைய குடத்துலயும் இன்னொரு முனைய மண்ணுலயும் விட்டு வைங்க. மண் தொட்டிக்கு இந்த எந்த ஏற்பாடும் பத்தாது, அதைப் பக்கத்து வீட்டு அக்காகிட்டதான் ஒப்படைக்கணும், திரும்பி வரும்போது அவங்களுக்கு ஏற்காட்டு மிளகு கால் கிலோ வாங்கிட்டு வந்துடுங்க. நூலகத்துல எடுத்த புத்தகத்தோட கடைசித் தேதியையும் கிளம்புறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, தேதி நெருங்கியிருந்தா குடுத்துட்டு வேற எடுத்துட்டுப் போங்க.