மொட்டைமாடி சோலார்: பேனலுக்கு மானியம் உண்டு, பேட்டரிக்கு?

பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் ஓடுகிறது. மத்திய அரசின் மானியத் திட்டமான பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் போட்டது. வீட்டு சோலாரில் எந்த நாட்டுத் தலைவர் முன்னால் நிற்கிறார் என்ற கேள்விக்கும் இந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். பேனலில் குறை சொல்ல இடமில்லை. சித்திரை வெயில் சுள்ளென்று அடிக்கும் நாட்களில் 12 யூனிட்டைத் தாண்டுகிறது. ஐப்பசி அடைமழையில் அதில் பாதி வந்தாலே பெரிது. மானியம் 78,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. புழுதியையும் காக்கை எச்சத்தையும் கழுவுவது மட்டும் நம் பாடு. விடியற்காலையில் கழுவுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மாட்டிக் கொடுத்த நிறுவனத்துக்கு ஐந்தில் இரண்டுதான். இரும்புச் சட்டங்களை நேர்த்தியாக நிறுத்தினார்கள். ஆனால் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. கம்பத்தில் வேலை செய்பவரை நம் வீட்டு மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்று மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்கிறது. நியாயமான ஏற்பாடு, முன்பே சொல்லியிருக்க வேண்டும். உச்சி வெயிலில் மின்விசிறி நின்றபோது நிறுவனத்து ஆளிடம் தொலைபேசியில் கேட்டேன். “பேட்டரி வைத்தால் ஓடும் சார். அதற்கு மானியம் கிடையாது” என்றார்.

பேட்டரி மானியம் அந்த நிறுவனத்தின் கையில் இல்லை. 2024 பிப்ரவரியில் மோடி அறிவித்த திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். குஜராத் முன்னால் ஓடுகிறது. மாதக் கட்டணமே குறைவாக வரும் நம் ஊர் வீடுகளுக்கு அந்த அவசரம் இல்லை. எப்படியானாலும் திட்டம் எண்ணுவதெல்லாம் கூரைகளைத்தான், பேட்டரிகளை அல்ல.

கூரை மட்டும் பெருகினால் என்ன ஆகும் என்பதை இலங்கை பார்த்துவிட்டது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி அங்கே மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஆலைகள் மூடியிருந்தன, வெயில் கொட்டியது, மிஞ்சியதைச் சேர்த்துவைக்க வழியில்லை. பாகிஸ்தான் இன்னொரு கதை. மின்கட்டணம் தாங்காத மக்கள் 2024இல் ஏறக்குறைய 17 கிகாவாட் பேனலை இறக்கினார்கள். அதில் எந்தத் தலைவருக்கு மாலை போடுவது?

என் கணக்கில் இப்போதைக்கு முதலிடம் ஆஸ்திரேலியாவுக்கு. 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் பேனல் ஏறிய பிறகுதான் விழித்தார்கள் என்றாலும் விழித்தார்கள். 2025 ஜூலை முதல் வீட்டு பேட்டரி விலையில் ஏறத்தாழ 30 சதவீதத்தை அந்நாட்டுப் பிரதமர் அல்பனீசியின் அரசு குறைத்துக் கொடுக்கிறது. நமக்கும் ஏசி ஓடுவது பொழுது சாய்ந்த பிறகுதானே?

பேனலுக்கு நாலரை, திட்டத்துக்கு மூன்றரை. மின்தடை அதிகமுள்ள பகுதியில் இருப்பவர்கள் விலைப்புள்ளி வாங்கும்போதே பேட்டரியையும் இணைக்கக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள். விலை கூடும், ஆனால் பேட்டரியைக் கையில் பணம் இருக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.